இடது காதுக்கு ஒரு மாமன்

அரியலூர் தாண்டியதும் தஞ்சாவூர் பஸ் பழுதாகி நின்றுவிடுகிறது. மாலையில் பெரிய கோயிலில் நிற்பதாகத் திட்டம், சாலையோரம் நிற்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு சீர்த்தட்டுகளோடு தவிக்கிறார். கீழப்பழுவூரில் அவருடைய அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமனான இவர் மடியில் உட்கார்த்தாமல் குத்த மாட்டார்கள். ஆட்டோ கிடைக்கிறது.

"சார், ஒரு தட்டைப் பிடிச்சுக்கிட்டு வாங்களேன்."

ஏறிவிடுகிறேன். எனக்கென்ன, ராஜராஜன் காத்திருப்பார்.

பந்தலில் அக்கா பொரிந்து தள்ளுகிறார். "ஆசாரி கெளம்புறேங்கிறாருடா! இவரு யாரு?"

"பஸ்ல கூட வந்தவரு, அக்கா."

"சீர்த்தட்டு தூக்கிட்டாருல்ல, அவரும் மாமன்தான். உட்காருங்க."

வலது காது தம்பி மடியில் முடிகிறது. அலறிய குழந்தை, அந்த மடியே வேண்டாமென்று என்னிடம் தாவுகிறது. என் மடியில் இடது காதையும் குத்தியதும் என் சட்டையைப் பிடித்து அடிக்கிறது.

"இப்பத்தான் முழு மாமன்," என்கிறார் அக்கா, இலை போட்டபடி.