கோச்சைக் கறி

1978ஆம் வருடம் தை மாதத்தில் ஒச்சப்பனுடைய சேவல் நாளொன்றுக்கு இரண்டு முட்டை தின்றது. அவன் மனைவி வேலுத்தாய் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. அவளுக்கு ஒரு முட்டையும் கிடைக்கவில்லை.

முட்டையிட்ட ஐந்து கோழிகளும் அவள் வளர்த்தவை. பொட்டிபுரத்திலிருந்து கல்யாணமாகிப் போடிக்கு வந்தபோது கூடையில் ஒரு பெட்டையைக் கொண்டுவந்திருந்தாள். மற்றவை அதன் வம்சம். அடை வைப்பது, குஞ்சுகளைப் பருந்திடமிருந்து காப்பது, சாயங்காலம் தேடிப் பிடித்துப் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடுவது எல்லாம் அவள் வேலை. முட்டையை எடுப்பது மட்டும் மாமியார் கருப்பம்மாள். எடுத்துக் கேப்பைப் பானைக்குள் புதைத்து வைப்பாள். சேவலுக்குப் போக மீதி ஒச்சப்பனுக்கு. அவன் மலைக்குப் போகும் ஜீப்புகளில் லோடு ஏற்றுபவன். சுமக்கிற உடம்புக்குச் சத்து வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

வேலுத்தாய் முட்டையே தின்னாதவள் அல்ல. பதின்மூன்று வயதில் அவள் பெரியவளானபோது பதினாறு நாள் விடியலில் பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றினார்கள். அதே ஓட்டில் நல்லெண்ணெயை அளந்து அதையும் ஊற்றினார்கள். இடுப்பு பலப்படும் என்றார்கள். பதினேழாம் நாள் நிறுத்தினார்கள். பெண் உடம்புக்கு முட்டை நல்லது என்பது அந்த மனிதர்களுக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரியும். இன்னொரு வீட்டுக்கு அனுப்பும்வரை தெரியும்.

கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள். ஒன்று எட்டாம் மாதம் செத்துப் பிறந்தது. இன்னொன்று கைக்குள் அடங்குகிற அளவில் பிறந்து ஒரு வாரம் இருந்தது. இது மூன்றாவது. குறி சொல்லும் கோடாங்கி மந்திரித்து அவள் கையில் கயிறு கட்டியிருந்தார்.

அவள் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கினாள். மலையிலிருந்து வரும் காயை முறத்தில் கொட்டி, வெடித்ததையும் கறுத்ததையும் நாள் முழுக்கக் குனிந்து பொறுக்க வேண்டும். பொங்கல் கழிந்த வாரம் முறத்தின் மேலேயே விழுந்துவிட்டாள். கடைக் கணக்கப்பிள்ளை ஓடிவந்து முதலில் சிதறிய காயை அள்ளச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் இருந்த நர்சு இடுக்கிப் பக்கத்துக்காரி. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள்.

“ரத்தமே இல்லையே மோளே. என்ன சாப்பிடுறே?”

“சோறு. ரசம்.”

“சோத்துல ரத்தம் ஊறாது. தினம் ஒரு முட்டை தின்னணும். ஈரல் கெடைச்சா ஈரல். கோழி இருக்கா வீட்டுல?”

“அஞ்சு இருக்கு.”

“பின்னே என்ன?” என்றாள் நர்சு. அந்த வெளியூர்க்காரிக்குப் புரியவில்லை. கோழி இருப்பது வேறு, முட்டை இருப்பது வேறு.

வீட்டில் வேலுத்தாய் கேட்டாள்.

“அத்தே, நர்சம்மா தெனம் ஒரு முட்ட திங்கச் சொல்லுது.”

“அவளுக்கென்ன, சொல்லுவா. பிள்ளத்தாச்சிக்கு முட்ட சூடு. பிள்ள கரைஞ்சு போகும்.”

“ரெண்டு பிள்ளைக்கும் திங்காமத்தான இருந்தேன்?”

கருப்பம்மாள் அடுப்பை ஊதப் போய்விட்டாள். ஒச்சப்பன் அவித்த முட்டையை உதிர்த்துச் சேவலுக்கு ஊட்டிக்கொண்டிருந்தான்.

“அதுக்குச் சூடு இல்லையா?” என்றாள் வேலுத்தாய்.

“அது சண்டைக்குப் போகுதுடி.”

“நான் எங்க போறேன்?”

அவன் சேவலின் அலகைத் துடைத்தான். “மாசி பொறந்ததும் பந்தயம். அது முடியட்டும். அப்புறம் பாப்போம்.”

மாசி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை கொட்டகுடி ஆற்றுக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பில் சேவல் கட்டு. காலில் கத்தி கட்டி விடுவார்கள். தோற்ற சேவலுக்குக் கோச்சை என்று பெயர். அது ஜெயித்தவனுக்குச் சொந்தம். செத்திருந்தால் அங்கேயே இறகு பிடுங்கி, வாட்டி, மிளகாய் கிள்ளிப் போட்டுச் சட்டியில் வதக்கித் தின்பார்கள். வீட்டுக் கோழியை விடக் கோச்சைக்கு ருசி அதிகம் என்பார்கள். ஊரில் எந்தப் பெண்ணும் அதைத் தின்று பார்த்ததில்லை. தோப்புப் பக்கம் பெண்கள் போவதே இல்லை.

ஒச்சப்பன் அன்று இரண்டு கோச்சை எடுத்தான். சட்டி இறங்கும் நேரத்தில் வேலுத்தாய் வறண்ட ஆற்று மணலைக் கடந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

ஒச்சப்பனோடு லோடு ஏற்றும் சுருளி முதலில் பார்த்தான். “என்ன மதினி, வழி தப்பிட்டீகளா?”

“தப்பல. எல போடுங்க.”

சிரித்தார்கள். “கோச்சக் கறி தின்னா பொம்பளைக்கு மீச மொளைக்கும் மதினி.”

“மொளைக்கட்டும். அப்பயாச்சும் வீட்டுல முட்ட குடுப்பாக.”

இப்போது சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. ஒச்சப்பன் எழுந்தான். “ஏய், வீட்டுக்குப் போ. மானத்த வாங்காத.”

“ரெண்டு பிள்ளையப் பொதைச்சப்பப் போகாத மானமா?”

அவள் மணலில் உட்கார்ந்தாள். “ஜெயிச்சவுகளுக்குத்தான கோச்ச? அந்தச் சேவலு ஆடி மாசத்துலருந்து எங் கோழி முட்டையத் தின்னு வளந்துச்சு. என் வயித்துப் பிள்ள முட்டைய அதுக்குக் குடுத்தாக. பாதி ஜெயிப்பு எனக்கு. ரெண்டு ஈரலும் எனக்கு வேணும்.”

சட்டிக்குப் பக்கத்தில் இருந்தவர் மொக்கையன். முப்பது வருடமாகச் சேவலுக்குக் கத்தி கட்டுகிறவர். எது யாருக்குச் சேரும் என்று தோப்பில் தீர்ப்புச் சொல்வதும் அவர்தான். கரண்டியால் சட்டிக்குள் துழாவினார்.

“கேக்குறது மொறதான்” என்று இலையில் இரண்டு ஈரலையும் ஒரு தொடையையும் வைத்தார்.

அவள் அவசரப்படாமல் தின்றாள். எலும்பைக் கடித்து உள்ளிருந்ததையும் உறிஞ்சினாள். அத்தனை ஆண்கள் சுற்றி நின்று ஒரு கர்ப்பிணி சாப்பிடுவதை அதிசயமாகப் பார்த்தார்கள். பார்க்க வேண்டிய அதிசயம் அதுவல்ல. இத்தனை வருடம் அவள் பட்டினி கிடந்தது யார் கண்ணிலும் படவில்லை.

மறுநாள் கருப்பம்மாளுக்கு முன்னால் எழுந்து பஞ்சாரத்தைத் தூக்கினாள். இருந்த மூன்று முட்டையில் ஒன்றை எடுத்து உலையில் போட்டாள். முற்றத்தில் நின்று உரித்து, ஓட்டை எல்லோரும் பார்க்கும்படி போட்டாள். தினமும் அப்படியே. ஒச்சப்பன் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. தெருவில் அவளுக்குக் ‘கோச்சக்காரி’ என்று பெயர் வைத்தார்கள். குழாயடியில் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து, “என்ன, நீயும் வர்றியா தோப்புக்கு?” என்பாள். முட்டை குறைந்தும் சேவல் ஒரு பந்தயத்திலும் தோற்கவில்லை.

சித்திரைக் கடைசியில் பெண் குழந்தை. அதே நர்சு தராசில் போட்டு இரண்டே முக்கால் கிலோ என்றாள். குழந்தை ஆஸ்பத்திரிக்கே கேட்கும்படி அழுதது. ஒரு மாதம் கழிந்தும் அழுதது. பால் குடித்தது, காலை உதைத்தது.

கருப்பம்மாளுக்குச் சந்தோஷம். கருப்புப் பெட்டையைப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

“கோடாங்கி கட்டுன கயிறுதான் பிள்ளையக் காப்பாத்துச்சு. இன்னைக்கு முனியாண்டிக்கு அறுத்துட்டு வந்துருவோம்.”

“அதைக் கீழ விடுங்க அத்தே. முட்டையிடுற கோழி.”

“சாமி குத்தமாயிரும்டி.”

“போன பிள்ளைக்கும் கயிறு கட்டுனாரு. அதுக்கு முந்துன பிள்ளைக்கும் கட்டுனாரு. முட்ட இந்தத் தடவதான் தின்னேன்.”

கருப்பம்மாள் கோழியை இறுக்கிப் பிடித்தாள். வேலுத்தாய் குழந்தையைத் துணியில் கிடத்திவிட்டு எழுந்துபோய் கோழியின் இரண்டு காலையும் பற்றி உருவி வாங்கினாள்.