குழாயடியில் கழுவிய கால்கள்

"அம்மா, பூண்டொக்ஸ்னா என்ன?" மகள் ஆங்கிலப் புத்தகத்திலிருந்து தலை தூக்கிக் கேட்டாள். போனில் தேடினேன். நாகரிகம் எட்டாத நாட்டுப்புறமாம். ஆனால் முதலில் அது பிலிப்பைன்ஸ் மக்கள் மலையைச் சொல்லும் சொல். அங்கே போன அமெரிக்கச் சிப்பாய்கள் எடுத்து வந்து ஏளனமாக்கிவிட்டார்கள்.

பன்வில தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுக்கக் கிளம்பும்போது என் அம்மாவும் "மலைக்குப் போயிட்டு வாறேன்" என்றுதான் சொல்வார். கண்டிக்குப் போகும் நாளில் செருப்பைப் பையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு மலை இறங்குவார். பஸ் நிற்கும் இடத்துக் குழாயில் என் காலையும் தன் காலையும் செம்மண் போகத் தேய்ப்பார். குளிர்ந்த தண்ணீரில் விரல்கள் மரத்துப்போகும்.

"மண்ணப் பாத்தா தோட்டக்காட்டான்னு சொல்வாங்க, புள்ள."

அப்படிக் கழுவியும் புடவைக் கடையில் அதையே சொன்னார்கள். அம்மா காதில் விழாதவர்போல் துணியைத் தடவிக்கொண்டே நின்றார்.

"சொல்லுங்கம்மா." மகள் புத்தகத்தைத் தட்டினாள்.

"மலைன்னு அர்த்தம்."

"நீங்க பொறந்த எடம் மாதிரியா?"

"ஆமா" என்றேன். நான் உட்கார்ந்திருந்த கதிரைக்கடியில் என் கால்கள் தாமாகவே ஒளிந்துகொண்டிருந்தன.