பட்டாபட்டிக்குள் ஒரு ரிவால்வர்

என் அக்காள் கணவர் திண்டிவனத்தில் மல்லாட்டை வியாபாரி; ஊருக்கு வெளியே அதை நிலக்கடலை என்பார்கள். எடைத் தகராறில் பிரிந்துபோன பழைய கூட்டாளி, "மார்க்கெட் கமிட்டி பக்கம் தலைய காட்டுன, வெட்டிடுவேன்" என்று சொன்னதிலிருந்து மாமா அங்கே நடக்கும் ஏலத்துக்குப் போகவில்லை. அவர் படுத்தார், கூடவே வியாபாரமும் படுத்துக்கொண்டது. தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் கேட்டார். அது வருவதற்குள் ஒரு பட்டம் மல்லாட்டை விளைந்து, ஏலம் போய், எண்ணெயாகியும்விட்டது. இந்தப் பட்டத்தையும் விட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

சென்னையில் கடைக்காரர் நீளக்குழல் ரிவால்வரைக் காட்டினார். "குறி நல்லா நிக்கும் சார்."

"நிக்கறது இருக்கட்டும். உக்காந்தா குத்துமா?" என்றார் மாமா.

குட்டைக்குழலுக்கு வந்தார். வெயிலுக்கு ஒதுங்கிய தவளைபோல் உள்ளங்கையில் அடங்கியது.

விழுப்புரத்துப் பக்கம் சுட்டுப் பழகப் போனோம். மாமா சுட்டார். மண்மேடு புழுதி கக்கியது, வானம் அதிர்ந்தது, ரிவால்வர் துள்ளி அவர் நெற்றியைப் பார்த்தது. குறி அட்டை மட்டும் கல்யாணப் பத்திரிகைபோல் கசங்காமல் இருந்தது.

"குழல் குட்டைங்க. கிட்டக்க வந்தாதான் படும்" என்றார் பயிற்சியாளர்.

"எவ்ளோ கிட்டக்க?"

"கை குடுக்கற தூரம்."

அடுத்தது மறைக்கும் கலை. சட்டைக்குள் செருகத் தொப்பை இடம் தரவில்லை. பட்டாபட்டி டிராயர் பையில் போட்டு, மேலே வேட்டி கட்டினார். எடுக்க வேண்டுமானால் எதிரி முன்னால் வேட்டியைத் தூக்க வேண்டும். பாதி எதிரிகள் அதிலேயே ஓடிவிடுவார்கள் என்றேன்.

கமிட்டிக்கு நானும் போனேன். பழக்க தோஷம், மூட்டைகளைக் கண்டதும் மாமா வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். அம்பாரங்களுக்கு நடுவே எதிரில் வந்தான் கூட்டாளி. மாமாவின் டிராயர் பை பலாக்கொட்டையாய்ப் புடைத்துத் தெரிந்தது. பதறி மடிப்பை அவிழ்த்து வேட்டியை இறக்கினார்.

கூட்டாளி நின்றுவிட்டான். பெரிய மனிதர்களைக் கண்டால் அல்லவா வேட்டியை இறக்குவோம். அவன் கண் கலங்கியது.

"இன்னாண்ணே, என்னப் பாத்து வேட்டிய எறக்கற? அம்மாம் தூரமாயிட்டனா நானு?"

வந்து கையைப் பிடித்துக்கொண்டான். பயிற்சியாளர் சொன்ன அதே தூரம். மாமாவின் இன்னொரு கை தொடையை அழுத்திப் பிடித்திருந்தது.

"காலு இன்னாச்சிண்ணே?"

"வாதம்பா" என்றார் மாமா.

கூட்டாளி அவரைத் தோளோடு தாங்கி ஏலத்துக்கு அழைத்துப் போனான்.