வெளியே வராத லாரிகள்

கம்ப்யூட்டர் கணக்குப்படி, அரியலூர் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் யார்டுக்குள் போன லாரிகளில் ஒன்றுகூட வெளியே வரவே இல்லை. நேரில் பார்த்தால் யார்டு காலி! அத்தனை லாரியையும் பூமியா விழுங்கிவிட்டது?

பெரம்பலூரில் இருந்து நாங்கள் எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேர் அது. திரைகளை வடிவமைப்பது என் வேலை. யார்டு மேனேஜர் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்: எடைமேடை ஆபரேட்டர் ஸ்டெல்லாவுக்குக் கம்ப்யூட்டர் வரவில்லை, திங்கட்கிழமை முதல் வேறு ஆள், அந்த ஆளுக்கு நான் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். எனக்கு மனசு ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமையே பஸ் ஏறிவிட்டேன்.

ஸ்டெல்லா வரதராஜன்பேட்டைக்காரர். வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் இறங்கவில்லை.

"ஒவ்வொரு வண்டிக்கும் பட்டன அமுக்கிட்டுதான் மேடம் விடுறேன். அமுக்காம ஒண்ணையும் விட்டதில்ல."

ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த யார்டில் ஒரு வழக்கம் உண்டு. காலி லாரி உள்ளே வரும்போது பச்சை டோக்கன் கொடுப்பார்கள். கல் ஏற்றியதும் அதை வாங்கிக்கொண்டு சிவப்பு டோக்கன் தருவார்கள். சிவப்பைப் பார்த்தால்தான் வாட்ச்மேன் கேட் சங்கிலியை இறக்குவார். அங்கே சிவப்பு என்றால் வேலை முடிந்தது, போகலாம் என்று அர்த்தம்.

லோடு லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. டிரைவர் சிவப்பு டோக்கனை நீட்டினார். ஸ்டெல்லா வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார், எடையைப் பதிந்தார், சிவப்பு பட்டனை அமுக்கினார். எனக்குப் புல்லரித்துவிட்டது! எங்கள் திரையில் பச்சைதான் 'சேவ்', உள்ளே வந்த காலி வண்டிகள் அதனால் சரியாகப் பதிந்திருந்தன. சிவப்பு 'கிளியர்', பதிந்ததை அழித்துவிடும். எதை அமுக்கினாலும் திரை காலியாகி அடுத்த வண்டிக்குத் தயாராகிவிடும், வித்தியாசமே தெரியாது.

ஓடிப்போய் மேனேஜரைக் கூட்டிவந்தேன். காரணம் சொல்லாமல், இரண்டு லோடு வண்டியை நீங்களே பதியுங்கள் சார் என்று நாற்காலியில் உட்காரவைத்தேன். ஸ்டெல்லா எழுந்து பின்னால் நின்றார். மனிதர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஜம்மென்று ஆரம்பித்தார். முதல் சிவப்பு டோக்கன் கைக்கு வந்தது. மவுஸ் நேரே சிவப்பு பட்டனுக்குப் போனது. இரண்டாவது வண்டிக்கும் அதேதான்.

பதிவுகளைத் திறந்து காட்டினேன். அவர் அனுப்பிய இரண்டு வண்டியும் யார்டுக்குள்ளேயே நின்றன.

"என்னங்க இது, கை தன்னால போவுது?" என்றார். பிறகு திரும்பாமலே சொன்னார்: "ஸ்டெல்லா, திங்கக்கிழம நேரத்தோட வந்துடும்மா."

அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். லோடு வண்டித் திரையில் 'சேவ்' சிவப்பானது. 'கிளியர்' சாம்பல் நிறத்தில் ஒரு மூலைக்குப் போனது. சாயங்காலம் பார்த்தால், மாற்றியபிறகு கிளம்பிய லாரி அத்தனையும் கணக்கிலும் வெளியே! சந்தோஷம் தாங்காமல் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூட இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, பட்டனின் நிறத்தை ஆபீஸில் உட்கார்ந்து முடிவு பண்ணாதீர்கள். புதிதாகச் சேர்ந்த யாராவது என்னிடம், "சிவப்புன்னா டேஞ்சர்தானே மேடம்?" என்று கேட்டால் நான் வாதாடுவதில்லை. அரியலூர் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். மிச்சத்தை எடைமேடையில் ஸ்டெல்லா பார்த்துக்கொள்வார்.