நாகஜோதி பாஸ் செய்த சிவப்பு

நாற்பத்திரண்டாவது வயதில் நாகஜோதிக்கு ஒரு சிவப்பு கார் வேண்டியிருந்தது. கார் வாங்கப் போகிறாள் என்றபோது உறவுக்காரர்கள் பெருமைப்பட்டார்கள். சிவப்பு என்றதும்தான் கூரையில் தீப்பிடித்ததுபோல ஆளாளுக்கு ஓடிவந்தார்கள்.

காரணம் இதுதான். அவள் கணவன் மாதவன் ஆறு வருடத்துக்கு முன் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டான். பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டியவன். அவன் போன அன்றிலிருந்து நாகஜோதியின் பீரோவில் சாம்பல், வெளிர்நீலம், பழுப்பு என்ற மூன்று நிறங்கள்தான் மிஞ்சின. யாரும் சட்டம் போடவில்லை. ஒரு கல்யாணத்தில் ஒரு பார்வை, ஒரு காதுகுத்தில் ஒரு முணுமுணுப்பு, அவ்வளவே. ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து நிறங்களை உருவ இந்தச் சமூகத்துக்கு அதற்கு மேல் செலவு ஆவதில்லை.

இதில் இருக்கும் அநியாயத்தை முழுதாகப் புரிந்துகொள்ள அவள் செய்யும் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். உசிலம்பட்டிப் பக்கமிருந்து திருப்பூர் மண்ணரைக்கு வந்தபோது அவள் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் ஹெல்பர். ஒருநாள் பெட்டிக்குள் போகவிருந்த சட்டைகளில் ஒன்றை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்து, "கையி வேற செவப்பு, உடம்பு வேற செவப்புண்ணே" என்றாள். சூப்பர்வைசர் சிரித்தார். டியூப்லைட்டில் பார்த்தார், இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. வெவ்வேறு தடவை சாயம் ஏற்றிய இரண்டு லாட் துணி கலந்து தைக்கப்பட்டிருந்தது. கப்பல் ஏறியிருந்தால் மொத்தமும் திரும்பி வந்திருக்கும்.

அதன் பிறகு சாயப்பட்டறை லேப் அவளைக் கேட்டு வாங்கிக்கொண்டது. சாயம் ஏற்றிய துணியை, வாங்குபவர் ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டோடு வைத்து, லைட் பாக்ஸ் என்ற பெட்டிக்குள் பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு வெளிச்சம் என்று மாற்றி மாற்றிப் பார்ப்பது வேலை. ஒத்துப்போனால் பாஸ். இல்லாவிட்டால் ரிஜெக்ட். நூறு ஆண்களில் ஏழெட்டுப் பேருக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரியாது, பெண்களில் இருநூறு பேருக்கு ஒருவருக்குத்தான் அந்தக் குறை. அறிவியல் இப்படிச் சொல்லியும் சாய மாஸ்டர் என்ற நாற்காலி ஆண்களுக்கு மட்டும் என்பது இன்னும் பல பட்டறைகளில் எழுதாத விதி. நாகஜோதி லாட்டுகளைப் பாஸ் செய்ய ஆரம்பித்து நான்கு வருடம் வரை கம்பெனிப் பதிவேட்டில் ஹெல்பராகவே இருந்தாள். அவள் சண்டை போட்டுத்தான் அந்தச் சொல் மாறியது.

ஆக, கடல் தாண்டி இருக்கும் குழந்தைகள் எந்தச் சிவப்பை உடுத்தலாம் என்று முடிவு செய்பவள் இவள். தான் ஓட்டும் வண்டிக்கு எந்தச் சிவப்பு என்று இவள் முடிவு செய்யக் கூடாது!

அண்ணன் ஜெயபாண்டி சாமளாபுரத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் மேஸ்திரி. கெட்டவர் இல்லை. மாதவன் இறந்தபோது ஒரு மாதம் வேலைக்குப் போகாமல் தங்கையோடு இருந்தவர். ஆனால் அவர் பெண் முத்துமாரிக்கு நிச்சயதார்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. சம்பந்தி வீட்டுக்கு முன்னால் தங்கை சிவப்பு காரில் வந்து இறங்குவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஜோசியரிடம் போனார். ஜோசியர், ஜாதகத்தில் செவ்வாய் உக்கிரமாக இருக்கிறது, சிவப்பு வண்டி ரத்தம் கேட்கும், வெள்ளைதான் சாந்தி என்று சொல்லிவிட்டார். கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் சுற்றும் ஒரு கோள். அதன் சிவப்பு வெறும் துருவின் சிவப்பு. அதற்கு மண்ணரையில் ஒரு பெண் என்ன நிறத்தில் கார் எடுக்கிறாள் என்ற கவலை!

நாகஜோதி அண்ணனிடம் வாக்குவாதம் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஷோரூமுக்குப் போனாள்.

அங்கே விற்பனைப் பிரிவில் இருந்தவள் கவிப்பிரியா, பெருமாநல்லூர்ப் பெண். ஷோரூமுக்குள் நின்ற கார்கள் மேலே எரிந்த மஞ்சள் விளக்குகளில் நகைக்கடைப் பொம்மைகள்போல மினுங்கின. நாகஜோதி அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த வெளிச்சத்தில் சாணி கூடத் தங்கமாகத் தெரியும், வெளியே எடுங்கள் என்றாள். அந்த மாடலில் இரண்டு சிவப்பு இருந்தன. இரண்டுமே ஷோரூமில் இல்லை, அட்டையில் கட்டைவிரல் அகலத் துண்டுகளாகத்தான் இருந்தன. அட்டையைப் பார்த்துப் பாஸ் செய்யும் பழக்கம் தனக்கு இல்லை என்று அவள் சொன்னதும் கவிப்பிரியாவுக்கே ஆர்வம் தொற்றிக்கொண்டது. சர்வீஸுக்கு வந்திருந்த வண்டிகளுக்குள் தேடி இரண்டு சிவப்பையும் கண்டுபிடித்தாள்.

பிறகு நடந்ததை அந்த சர்வீஸ் ஷெட்டில் இன்னும் பேசுகிறார்கள். நாகஜோதி இரண்டு கார்களையும் மதிய வெயிலில் பார்த்தாள். நிழலுக்குத் தள்ளச் சொல்லிப் பார்த்தாள். கதவோடு கன்னத்தை வைத்துச் சாய்வாகப் பார்த்தாள். பிளாஸ்டிக் பம்பரில் ஏறிய பெயிண்டும் இரும்புக் கதவில் ஏறிய பெயிண்டும் ஒரே டோனில் இருக்கின்றனவா என்று பார்த்தாள். இரண்டு மெக்கானிக்குகள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்கள்.

"முதல் வண்டி வெயில்ல ஆரஞ்சுக்குப் போகுது. நிழல்ல செங்கல் மாதிரி செத்துப்போகுது" என்றாள். "ரெண்டாவது எங்கிட்டும் ஓடல. வெயில்லயும் செவப்பு, நிழல்லயும் செவப்பு. இத எழுது கண்ணு."

"ஏனுங்க்கா, பத்து நிமிஷத்துல வெள்ளைய எழுதிக் குடுத்துட்டுப் போயிருவாங்க எல்லாரும். மூணு மணி நேரம் கலர் பாத்தவங்க நீங்க ஒருத்தர்தானுங்க" என்றாள் கவிப்பிரியா.

அன்று ஸ்கூட்டரில் திரும்பியபோது நாகஜோதி சத்தமாகப் பாடிக்கொண்டே வந்ததாக அவளே சொன்னாள்.

பத்து நாள் கழித்து ஷோரூமிலிருந்து போன் வந்தது. லேபுக்குள் கைப்பேசிக்கு அனுமதியில்லை. அதனால் படிவத்தில் இரண்டாவது எண்ணாகக் கொடுத்திருந்த ஜெயபாண்டிக்கு அந்த அழைப்பு போனது. அந்தச் சிவப்பு வர எட்டு வாரம் ஆகும் என்று மேனேஜர் சொன்னார். கையிருப்பில் வெள்ளை இருக்கிறதா என்று ஜெயபாண்டி கேட்டார். இருந்தது. வீட்டில் பேசியாயிற்று, வெள்ளையே கொடுங்கள் என்றார். வங்கிக் கடன் ஒரு பெண்ணின் பேரில், கையெழுத்து ஒரு பெண்ணுடையது, தேர்வும் அவளுடையது. மாற்றச் சொன்னது ஓர் ஆண்குரல். மேனேஜருக்கு அது போதுமானதாக இருந்தது. கவிப்பிரியா அன்று விடுப்பு.

வண்டியைப் பார்த்துவிட்டுப் பதிவுப் படிவத்தில் கையெழுத்திட வேண்டிய நாளை ஜெயபாண்டி நல்ல நாளாகக் குறித்து வாங்கினார். வேனில் பதினாலு பேரை ஏற்றிக்கொண்டு வந்தார். மாலை, தேங்காய், சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம், கண்ணாடியில் தொங்கவிடக் கறுப்புக் கயிறு எல்லாம் வந்தன. பட்டுத் துணி போர்த்திய கார் நடுவில் நின்றது. நாகஜோதி துணியின் ஓரத்தைப் பிடித்தாள். மாதவனின் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து கியர் மாற்றுவதைப் பார்த்துப் பார்த்தே பாதி ஓட்டக் கற்றவள் அவள். நாற்பது வயதில் லைசென்ஸ் எடுத்தவள். அவள் இழுத்ததும் துணி நழுவி விழுந்தது.

வெள்ளை.

எல்லோரும் கைதட்டினார்கள். நாகஜோதி தட்டவில்லை. பழக்கம் விடவில்லை, காரை ஒருமுறை சுற்றி வந்தாள், கதவைத் தொட்டுப் பார்த்தாள். மூலையில் நின்ற கவிப்பிரியாவின் முகம் வெளுத்திருந்தது. அவளைப் பார்த்து, குரல் உயர்த்தாமல் சொன்னாள்:

"இது என் லாட்டு இல்ல கண்ணு."

மேனேஜர் ஓடிவந்து, சிவப்பு வர எட்டு வாரம் ஆகும் என்றதும் அண்ணன்தான் மாற்றச் சொன்னார் என்று விளக்கினார். ஜெயபாண்டி அவள் பக்கத்தில் வந்து, கையில் பேனாவைத் திணித்துப் பல்லுக்குள் பேசினார்.

"ஏத்தா ஜோதி, சனம் பாக்குது. கையெழுத்தப் போடு. புள்ளைக்கு நல்லது நடக்கப்போற நேரம். சம்பந்திவீட்டுல நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசுவாய்ங்க."

"என்ன பேசுவாய்ங்க?"

"புருசன் இல்லாதவ செவப்புக் காருல திரியிறான்னு."

அந்தப் பளபளப்பான கூடத்தில் அதை அவர் சொல்லியே விட்டார். ஆறு வருடமாக எல்லோரும் கண்ணாலும் முணுமுணுப்பிலும் சொன்னது முதல் முறையாக நேராக வாய்வழி வந்தது. நாகஜோதிக்கு அழுகை வரவில்லை. லேசாகி விட்டதுபோல இருந்தது என்று பிறகு சொன்னாள். மறைந்து நிற்பதைத்தான் எதிர்க்க முடியாது. வெளியே வந்துவிட்டால் அதற்கும் நிறம் பார்க்கலாம்.

"பேசட்டும்ண்ணே. ஒப்புன ஷேடு ஒண்ணு, வந்த ஷேடு ஒண்ணுன்னா நான் ஒரு கிலோ துணியக்கூட எறக்க விட்டதில்ல. எங்க மொதலாளியே வந்து நின்னாலும் விட்டதில்ல. இது என் வண்டி." பேனாவை மேனேஜர் மேசையில் வைத்தாள். "எட்டு வாரம்னா எட்டு வாரம். நான் காத்துக்கெடக்கேன்."

மாலை, தேங்காய், பதினாலு பேர் எல்லாம் வந்த வேனிலேயே திரும்பிப் போயின. நாகஜோதி நகரப் பேருந்தில் போனாள். மறுநாள் பட்டறையில் விஷயம் அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. சாய மாஸ்டர் தனபால், பெண்ணுக்கு ஷேடு தெரியுமா என்று ஒரு காலத்தில் கிண்டலடித்தவர், லேப் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். "ஏனம்மிணி, காரையே ரிஜெக்ட் பண்ணிப்போட்டீங்களாமா? இனி நம்ம லாட்டுக்கெல்லாம் நெஞ்சு படபடங்குமுங்க." லேப் முழுக்கச் சிரித்தது. தன் மகள் வாங்கவிருந்த காருக்கும் நிறம் பார்த்துத் தர வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

நிச்சயதார்த்தத்துக்கு அவள் பேருந்தில்தான் போனாள். ஜெயபாண்டி வா என்றதோடு சரி. எட்டு வாரமும் பேச்சு இல்லை. அதுதான் அவளை உறுத்தியது. சிவப்பு கிடைக்கும், அண்ணன் கிடைப்பாரா என்று தெரியவில்லை.

ஒன்பதாவது வாரம் கார் வந்தது. அதைக் கூடத்துக்குள் ஏற்றவே வேண்டாம், வெயிலிலேயே நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டாள். பம்பர் பார்த்தாள், கதவு பார்த்தாள், கூரை பார்த்தாள். "பாஸ்" என்றாள். கவிப்பிரியா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் இல்லை, பம்பரில் திருஷ்டிப் பொம்மை இல்லை. பிரேக் நன்றாக இருந்தது, சீட் பெல்ட் நன்றாக இருந்தது. பாதுகாப்புக்கு அவை போதும்.

சிவப்பு வாங்குவது ஒரு போராட்டம் என்றால், மண்ணரையில் அதைச் சிவப்பாகவே வைத்திருப்பது இன்னொன்று. தையல் கூடங்களின் பஞ்சுத் தூசி, கொதிகலன் புகைபோக்கியின் கரி, லாரி கிளப்பும் மண் மூன்றும் வெயிலோடு சேர்ந்து இறங்கும். ஆழ்குழாய்த் தண்ணீரோ உப்பு. வருடக்கணக்கில் நொய்யல் ஆற்றில் சாயம் ஓடவிட்டு யார் யாரோ மாடி மேல் மாடி கட்டினார்கள். மண்ணுக்குள் இறங்கிய உப்பு மட்டும் பொதுச்சொத்தாகிவிட்டது. அந்தத் தண்ணீரில் காரைக் கழுவிக் காயவிட்டால் தேமல் மாதிரி வெள்ளைப் புள்ளி விழும்.

நாகஜோதி இதற்கும் சோதனை செய்து வழி கண்டாள். வெயில் ஏறும் முன், கூரையிலிருந்து கீழ்நோக்கி. முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்க வேண்டும், பிறகுதான் துணி. சோப்புத் தண்ணீர் ஒரு வாளி, துணி அலச வேறொரு வாளி. துணி, கம்பெனி வேஸ்ட்டில் கிடைக்கும் சுத்தமான பருத்தி பனியன் துணி. ஓரத்து ஓவர்லாக் தையலைக் கத்தரித்து எறிந்துவிடுவாள், அந்த நூல் பெயிண்ட்டில் கோடு கிழிக்கும். பறவை எச்சம் இருந்தால் ஈரத் துணியை ஊறப் போட்டு எடுப்பாள், சுரண்டமாட்டாள். கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு சொம்பு குடிதண்ணீர், உடனே துடைப்பு. பக்கத்து லைன்வீட்டுப் பெண்கள் காபி டம்ளரோடு வந்து பார்ப்பார்கள். கண்ணுபடும், கறுப்புக் கயிறாவது கட்டு என்றாள் ஒருத்தி. கண்ணு பட்டால் கறை விழாது, கை பட்டால்தான் விழும், தள்ளி நில் என்றாள் இவள்.

கார் வந்தபின் நான்காவது ஞாயிறு, யாரும் கூப்பிடாமலேயே சாமளாபுரத்துக்கு ஓட்டினாள். தறிச் சத்தம் நிறைந்த தெருவில், ஜெயபாண்டி வீட்டு வாசலில் கார் நின்றது. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து யாருங்க வண்டி என்றார். உள்ளேயிருந்து வந்த ஜெயபாண்டி காரையும் தங்கையையும் பார்த்தார்.

"என் தங்கச்சி வண்டிங்க" என்றார்.

நாகஜோதி மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டாள். அவர் செருப்பைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார். சோமனூர்ச் சாலை காலியாக இருந்தது. அவள் அழுத்தினாள். ஜெயபாண்டி ஒரு கையால் கூரைப் பிடியையும் இன்னொரு கையால் சீட்டையும் பிடித்துக்கொண்டார். இரண்டு கிலோமீட்டர் போனது. பிறகு கதவின் உள்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"வெள்ளையா இருந்தா வெயிலுக்கு இம்புட்டுச் சூடு ஏறாதுத்தா."

நாகஜோதி அவரைத் திரும்பிப் பார்த்தாள். செவ்வாய் இல்லை, சம்பந்தி இல்லை, சனம் இல்லை. அறிவுக்கு ஒத்த ஒரு காரணம்.

"நெசந்தாண்ணே. வெள்ளையில சூடு கம்மிதான். இத அன்னைக்கே சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன்."

"யோசிச்சு?"

"செவப்புதான் எடுத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு ஏசியைக் கூட்டினாள். ஜெயபாண்டி சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முன்னால் தறிக்கு நூல் பாவு ஏற்றிய லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. நாகஜோதி ஹாரன் அடித்து அதைத் தாண்டினாள்.