இரண்டாவது வெட்டு

என் மேசை இழுப்பறையில் விரல் நீள ரப்பர் துண்டு ஒன்று கிடக்கிறது. நடுவில் பிளவு, ஓரத்தில் இரண்டு வெட்டுகள். என் பட்டச் சான்றிதழைக்கூட இவ்வளவு பத்திரமாக நான் வைத்ததில்லை.

எழுபதுகளில், புதுவாயலுக்கு அப்பால் ஒரு ரப்பர் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் தற்காலிக வேலையில் இருந்தேன். சேர்த்துவிட்டவர் என் சீனியர், பழவேற்காட்டுக்காரர். வேலை நிரந்தரமாவதும் அவர் வாயில்தான் இருந்தது. மதியம் அவர் டப்பாவின் கருவாட்டுக் குழம்பில் பாதி எனக்கு. எண்ணெய் படும் இடத்தில் போடும் வளையங்களுக்குச் செயற்கை ரப்பர் போதாமல், மரத்து ரப்பரையும் கலந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள். உருளைகளுக்கிடையே அரைபட்டு வரும்போது தகடு வழவழவென்று ஒன்றாகத்தான் இருக்கும். "பொருந்தாத ஜாதகம் நைனா," என்பார் சீனியர். "மணவறையில பாத்தா ஷோக்காத்தான் கீது. அடுப்பாண்ட நின்னாதான் குடித்தனம் தெரியும்."

அடுப்பு என்றது சோதனைக்கூடத்தின் சூட்டு அலமாரியை. அதில் மூன்று நாள் தொங்கவிட்டால் மரத்து ரப்பர் இளகும், செயற்கை இறுகும். கலவை தவறென்றால் வளைத்ததும் பிளக்கும். சூட்டில் மை அழிந்துவிடுமென்று துண்டின் ஓரத்தைக் கத்தரித்து அடையாளம் வைப்போம். அவர் கலவைக்கு ஒரு வெட்டு, என்னுடையதற்கு இரண்டு.

என் துண்டு தாங்கியது, அவருடையது பிளந்தது. ஆனால் சீனியர் மூன்று நாள் பொறுக்காமல் தன் கலவையையே வளையங்களாக்கி அனுப்பியிருந்தார். எல்லாம் பிளந்து திரும்பின. மானேஜர் அறையில் சீனியர் ஒரு பிளந்த துண்டை எடுத்து வைத்தார். இரண்டு வெட்டு. "புதுசு சார், அவசரப்பட்டுட்டான். பாத்து செய்ங்க," என்றார். அவர் கெஞ்சிய அழகில் என் குற்றத்தை ஒரு கணம் நானே நம்பிவிட்டேன்.

"உன்னுதுதானா?" என்றார் மானேஜர்.

கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு வெட்டு சூட்டில் வெந்து மங்கியிருந்தது. மற்றது கன்னங்கரேலென்று பளபளத்தது. சூடு அறியாத புது வெட்டு. அதைக் காட்டியிருந்தால் போதும். "இன்னாப்பா, தலைய வெச்சிட்டே? துன்னு," என்று முந்தின நாள் என் தட்டில் கருவாட்டுத் தலையைத் தள்ளிய கைதான் கண்முன் நின்றது. தலையாட்டிவிட்டேன்.

வேலை போனது. வாசல்வரை கூட வந்தார். "பேஜாரு பண்ணாம போறே பாரு, தங்கம்பா நீ," என்றார். துண்டு என் சட்டைப்பையில் இருந்தது. என்றாவது யாரிடமாவது காட்டலாமென்று எடுத்து வந்திருந்தேன்.

இன்று காலை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு வெட்டுகளும் ஒரே மாதிரி மங்கிப்போயிருந்தன. எது அவர் பிறகு போட்டது என்று எனக்கே தெரியவில்லை.