ரத்தினம் மாமா பார்த்த பனி

மாமாவின் சாவுச் செய்தி வந்தபோது நான் சித்தூர் பஸ் நிலையத்தில் ஒரு வெல்ல வியாபாரிக்கு இமயமலையை விற்றுக்கொண்டிருந்தேன். திருப்பதி பஸ்ஸிலிருந்து இறங்கிய கண்டக்டர் நேரே என்னிடம் வந்து, "ரத்தினம் அண்ணன் காலையில செத்துட்டாருய்யா. உன்னைக் கையோட இட்டுக்கினு வரச் சொன்னாங்க" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். வெல்ல வியாபாரி வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிளந்த வாயை அப்படியே விட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

முனிரத்தினம் என் தங்கை கனகாவின் கணவர், வயதில் என்னைவிட மூத்தவர் என்பதால் எனக்கு மாமா. அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களில் பலர் அவர் போட்டுத் தந்த வழியில் காசியும் ஜகந்நாதமும் பார்த்தவர்கள். திருப்பதி ரயிலடிக்கு எதிரே, மேசை போட்டால் நாற்காலி வெளியே நிற்கவேண்டிய ஓர் அறையில் இருந்துகொண்டு, பாரத தேசம் முழுவதையும் அவர் ஆண்டார். அந்தச் சாம்ராஜ்யத்துக்குப் பிரதம மந்திரி, சேனாதிபதி, தண்டோராக்காரன் எல்லாம் நான் ஒருவனே. சத்தியவேட்டிலிருந்து சித்தூர் வரை ஊர் ஊராகப் போய், இந்த தேசம் எவ்வளவு பெரியது என்று சொல்லி ஆள் சேர்ப்பது என் வேலை. என் கங்கையில் ஒரு கரையில் விடிந்தால் மறு கரையில் பொழுது சாயும். என் கல்கத்தாவில் ஒரு வாழைத்தாரை இறக்க யானை கட்டி இழுப்பார்கள். நான் அரக்கோணத்தைத் தாண்டியதே இல்லை என்பது மாமாவுக்கும் கனகாவுக்கும் மட்டும்தான் தெரியும். இன்றைக்கு உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

மற்றவர்கள் யாத்திரை நடத்துவது ஊர்ச் சாப்பாடு மாதிரி, எல்லாருக்கும் ஒரே இலை, ஒரே குழம்பு. மாமா ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாக வழி போடுவார். வழி சொல்லும் முன் குடும்பத்தையே திருப்பதி மலையடிவாரத்து அலிபிரிக்குக் கூட்டிப்போய் மலைப்படி ஏறச் சொல்வார். தான் பேசாமல் பின்னாலேயே ஏறுவார். யார் முதலில் உட்காருகிறார்கள், மாமியாருக்கு எந்த மருமகள் கை கொடுக்கிறாள், தண்ணீர்ச் செம்பு யாரிடம் கடைசியாக வருகிறது, எல்லாம் அவர் கண்ணில் படும். "மனுசனைப் பாத்துட்டுத்தான் ஊரைச் சொல்லணும் மச்சான்" என்பார். ஒரு முறை கீழே இறங்கி வந்ததும் ஒரு குடும்பத்தலைவரிடம் சொன்னார்: "பெரியம்மாவுக்கு மலைக்கோயிலு எதுவும் வோணாம், முட்டி தாங்காது. உன் சின்ன மருமவ ஏற சொல்லோவும் சிரிக்கல, எறங்க சொல்லோவும் சிரிக்கல. அதுக்குக் கடலைக் காட்டணும். அந்தே." அந்தே என்றால் தெலுங்கில் அவ்வளவுதான். மாமா அதைச் சொல்லிவிட்டால் மேல்முறையீடு கிடையாது. அந்தப் பெண் ஜகந்நாதத்தில் இடுப்பளவு அலையில் நின்று சிரித்த சிரிப்பைப் பார்த்து அவள் புருஷனே பயந்துவிட்டான் என்று ஊர் ஊராகச் சொன்னேன். பயந்தான் என்பது என் கைச்சரக்கு. சிரித்தது நிஜம்.

ஆந்திரா தனியாகப் பிரிந்த பிறகு, எல்லைக்கோடு எங்கே விழும் என்று அடித்துக்கொண்ட வருஷங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். புத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பமும் ஒரு தெலுங்குக் குடும்பமும் காசிக்குப் போக வந்தன. ஊர் எந்தப் பக்கம் போகவேண்டும் என்ற சண்டையில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றிருந்தது. "மாமா, ரெண்டு ரயிலா ஏத்திடு. இல்லன்னா கோதாவரிப் பாலத்துமேல கொலை வுழும்" என்றேன். மாமா இரண்டு குடும்பத்தையும் ஒரே நாளில் அலிபிரிக்கு வரச் சொன்னார். இரண்டு வீட்டுக் கிழவர்களும் ஒரே படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, முகம் பார்க்காமலே ஒரே பையிலிருந்து வெற்றிலை எடுத்துப் போட்டுக்கொண்டதை அவர் பார்த்துவிட்டார். எல்லாரையும் ஒரே பெட்டியில் ஏற்றினார். காசியிலிருந்து திரும்பும்போது கூடூரில் ஒரு கிழவர் கவலையோடு கேட்டாராம்: "போவ சொல்லோ ஆந்திராவுலேர்ந்து போனோம். இப்ப எதுல போயி எறங்கப் போறோம் ரத்தினம்?" மாமா சொன்னார்: "உன் வூட்டாண்டதான் நைனா எறங்குவ. அந்தே." இப்போது திருத்தணி அந்தப் பக்கம், புத்தூர் இந்தப் பக்கம் என்று முடிவாகிவிட்டது. எனக்குத் தெரிந்து மாமா சொன்னதைவிடத் தெளிவான தீர்ப்பை யாரும் சொல்லவில்லை.

நான் அள்ளிவிட்ட பொய்களுக்குப் பின்னால் நடந்து வந்து, ஒவ்வொன்றையும் நிஜமாக்கியவர் அவர். சூளூர்பேட்டையில் ஒரு கூட்டம், வடக்கே சோறு எப்படியோ என்று தயங்கியபோது, "காசியில தெருவுக்குத் தெரு சுடச்சுடக் கேவுரு களி" என்று சொல்லிவிட்டேன். மாமா திட்டவில்லை. "இன்னா சொல்லி வச்சிருக்க மச்சான்?" என்று மட்டும் கேட்டார். பிறகு கேழ்வரகு மாவு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போய், கங்கைக்கரைச் சத்திரத்தில் தானே களி கிண்டி எல்லாருக்கும் உருண்டை பிடித்துத் தந்தார். அவர் தோளில் ஏறிய மூட்டைகளில் பாதி என் வாய் ஏற்றியது. அப்போது அது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

வெதுருகுப்பம் கோவிந்தசாமி, ரத்தினம் மாமாவிடம் தானாக வந்தவர் அல்ல, நான் பிடித்து வந்தவர். நிலக்கடலை பயிரிடுகிறவர். அவர் காசி மட்டும்தான் கேட்டார். நான் விடவில்லை. "காசியோட திரும்பினா எப்டி? அதுக்கு மேல பத்ரி இருக்குது. அங்க வானத்துலேர்ந்து பனி மூட்டை மூட்டையா வுழும். கையில புடிச்சா பஞ்சு, வாயில போட்டா கல்கண்டு!" வாழ்நாளெல்லாம் மழை வருமா என்று வானத்தையே பார்த்த மனிதர், அண்ணாந்தபடியே நின்றார். "எனக்கு அது போதும்யா. காசி கூட வோணாம்" என்றார்.

மாமா பத்ரிக்குப் போனதில்லை. "நான் மிதிக்காத ஊருக்கு ஒரு உசிரையும் அனுப்ப மாட்டேன்" என்பது அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். ஆகவே தனியாகப் புறப்பட்டார். ரேணிகுண்டாவில் ரயில் ஏற்றிவிட்டது நான்தான். "பனியைக் கேட்டதாச் சொல்லு மாமா" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

இருமலோடு திரும்பினார். மலையில் நனைந்த துணியோடு நடந்திருக்கிறார். சளி நெஞ்சில் இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். படுத்த படுக்கையிலேயே, எந்தச் சத்திரத்தில் தங்குவது, எங்கே நடை, எங்கே கழுதைமேல் ஏறுவது என்று வழியை மட்டும் துண்டு துண்டாகக் கனகாவிடம் சொல்லிவைத்தார். ஒரு நாள் கோவிந்தசாமி உறவுக்காரர்களோடு பார்க்க வந்தார். "பனி எப்டி இருந்துச்சு ரத்தினம்?" என்று கேட்டார். மாமா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து வாயைத் திறந்தார். இருமல் வந்தது.

அந்த இடைவெளியில் நான் புகுந்தேன்.

எவ்வளவு நேரம் பேசினேனோ தெரியாது. பனியில் வீடு கட்டினேன், ஊரைக் கட்டினேன், தேவர்களைக் கொண்டுவந்து இறக்கினேன். மாமா ஒரு தடவை கையைத் தூக்கினார். "இரு மாமா, முடிச்சுடறேன்" என்றேன். கை இறங்கியது. கோவிந்தசாமி கண்கலங்கிக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த வெற்றி தந்த தெம்பில் மறுநாளே சித்தூர்ப் பக்கம் ஊர் ஊராகக் கிளம்பினேன். எங்கள் மாமாவே நேரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று சொல்லி விற்க, எனக்கு அப்போதுதான் அத்தாட்சி கிடைத்திருந்தது.

காரியம் முடிந்த அன்று கோவிந்தசாமி என்னைத் தனியே கூப்பிட்டார். "நீ சொன்னதைச் சொன்னா ஊருல சிரிக்கிறாங்கய்யா. ஒண்ணு கேக்கறேன். பனி மெய்யாவே கல்கண்டாட்டம் இனிச்சுதுன்னு அவரே உன்னாண்ட சொன்னாரா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து கனகா பதில் சொன்னாள்.

"அவரு பனியைப் பத்தி யாராண்டயும் ஒண்ணும் சொல்லலண்ணா. அன்னிக்குச் சொல்ல வந்தாரு." குழம்பில் உப்பு கொஞ்சம் குறைவு என்று சொல்கிற குரலில் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். திட்டியிருந்தால் எழுந்து நின்று ஒரு மணி நேரம் பதில் பேசியிருப்பேன்.

எங்கள் வீட்டில் இமயத்தைப் பார்த்த ஒரே மனிதர் அவர். அரக்கோணம் தாண்டாத நான், அவர் எதிரிலேயே அதைச் சொல்லித் தீர்த்தேன். பிறகும் எத்தனையோ நாள் உயிரோடு இருந்தார். எப்படி இருந்தது மாமா என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை.

கோவிந்தசாமி இன்னும் போகத்தான் ஆசைப்படுகிறார். எனக்குத் தெரியாது, போய்ப் பார்க்கலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். இந்த வாயால் அப்படி ஒரு வாக்கியம் சொன்னது இதுவே முதல் முறை. கனகா சொல்லும் வழியில் நானே அவர்களோடு போகிறேன். பனியைத் தொடுவேன், வாயிலும் போட்டுப் பார்ப்பேன். ஆனால் அது நான் பார்க்கிற பனி. மாமா பார்த்த பனி அவரோடு போய்விட்டது.

அவரிடமிருந்து உங்களுக்குக் கடலும் காசியும் கிடைத்திருக்கின்றன. என்னிடம் மிஞ்சியிருப்பது, போர்வைக்கு மேல் ஒரு சாண் எழும்பி, நான் இரு என்று சொன்னதும் இறங்கிவிட்ட அந்தக் கை.